வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

1. பத்தரை மணிக்கு இன்ஜினியர்

அன்று காலை பத்தரை மணி வரை நான் டிவி மெக்கானிக். பத்தரைக்குப் பிறகு கம்ப்யூட்டர் இன்ஜினியர். இடையில் நான் செய்தது ஒரு டீ குடித்ததும், சட்டையை எடுத்து பேன்ட்டுக்குள் விட்டதும்தான். இப்போது இதற்கு நான்கு வருடப் படிப்பு வைத்திருக்கிறார்கள். நேரத்தை எப்படியெல்லாம் வீணாக்குகிறார்கள் பாருங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, டிவி விற்கும் கடை. முதலாளி கமால் பாய். மெட்ராஸ் போய்விட்டு வந்தவர் ஒரு டஜன் அட்டைப் பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்.

"ஜோசப்பு, இன்னையிலேர்ந்து நீ இன்ஜினியரு. விசிட்டிங் கார்டு அடிக்கக் குடுத்தாச்சு."

"பாய், எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே."

"வாங்க வர்றவனுக்கு மட்டும் தெரியுமாக்கும்? இங்கிலீஷ்ல மூணு வார்த்தை சொல்லு. நாலாவது வார்த்தைக்குள்ள அவனே தலையாட்டிருவான். தெரியலைன்னு மட்டும் சொல்லிராத. தெரியலைன்னு சொல்ற கடையில எவன் தம்பி வாங்குவான்?"

எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும் இவ்வளவுதான். சிரிக்காதீர்கள். இன்று நீங்கள் போகும் ஏ.சி. ஷோரூமில் டை கட்டி நிற்கும் பிள்ளைக்கும் இதே பயிற்சிதான். டை மட்டும் கூடுதல்.

2. மறதிக்காரப் பெட்டி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக அந்த மெஷினைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு ஸ்கிரீன் கிடையாது. வீட்டு டிவியின் ஆன்டெனா துளையில் சொருக வேண்டும். மெமரி நாற்பத்தெட்டு கே. இன்று உங்கள் போனில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ரப்பர் பட்டன்கள், அழுத்தினால் பழைய பணியாரத்தை அழுத்துவது போல இருக்கும். ஸ்விட்ச்சை அணைத்தால் அதுவரை சொல்லிக்கொடுத்த அத்தனையையும் மறந்துவிடும்.

மறக்காமல் இருக்க ஒரே வழி, வீட்டில் பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டர்தான். நாம் எழுதிய புரோகிராமை அது 'கீ...' என்று ஒரு சத்தமாக மாற்றிக் கேசட்டில் பதிந்துகொள்ளும். இதற்கு சேவ் என்று பெயர். மறுநாள் கேசட்டை ஓடவிட்டால், கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவரும். அது லோட். சத்தம் கொஞ்சம் மங்கினாலும் 'எரர்' என்று ஒரே வார்த்தையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இதன் விலை அன்றைக்கு ஒரு ஸ்கூட்டர் விலை. ஸ்கூட்டராவது மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வரும்.

ஆனாலும் வாங்கினார்கள். தில்லை நகர் டாக்டர் வாங்கினார், எதிர்வீட்டு டாக்டர் வாங்கியதால். எதிர்வீட்டு டாக்டர் வாங்கியது, இவர் வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில். லால்குடியிலிருந்து வந்த ரைஸ்மில்காரர் ஒருவர்தான் நியாயமாகக் கேள்வி கேட்டார்.

"கரண்டு போனா இது ஓடுமா?"

"ஓடாதுங்க."

"டிவி?"

"அதுவும் ஓடாதுங்க."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான். ஒரு பெட்டி கட்டுங்க."

எதற்கு வாங்குகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டி வந்தால் 'பிள்ளைங்க படிப்புக்கு நல்லதுங்க' என்போம். எதை விற்கவும் இன்றுவரை இந்த வாக்கியம் போதும். வாஷிங் மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

3. என் மாபெரும் கண்டுபிடிப்பு

மெஷினோடு கடையிலிருந்து ஒரு கேசட் இலவசம். அதில் ஒரு வாய்ப்பாட்டுப் பயிற்சி, ஒரு பந்து விளையாட்டு. கடையில் இருந்த 'டெக்' என்னும் பெரிய டேப் ரெக்கார்டரில் நாங்களே பிரதி எடுத்தது. கடையில் அது அருமையாக லோட் ஆகும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் அவருடைய டேப் ரெக்கார்டரில் போட்டால் எரர். எந்த வீட்டுக்குப் போனாலும் எரர்.

ஒழுங்கான மூளை உள்ளவன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? பன்னிரண்டு வீடுகளிலும் தகராறு என்றால் கோளாறு கடையில் என்று. நான் வந்த முடிவு, திருச்சியில் ஒருவரிடமும் நல்ல டேப் ரெக்கார்டர் இல்லை என்பது. இன்ஜினியர் அல்லவா?

டேப் ரெக்கார்டரில் கேசட்டின் நாடாவைத் தொட்டுக்கொண்டு சத்தத்தை எடுக்கும் சின்ன உலோகத் துண்டுக்கு ஹெட் என்று பெயர். அது நாடாவுக்கு நேராக நிற்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் ஹெட் ஒரு மயிரிழை சாயும். அப்படிக் கொஞ்சம் சாய்த்தால் எங்கள் கேசட் ஜோராக லோட் ஆவதை ஒரு வீட்டில் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாக்கெட்டிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். அரைத் திருகு. லோட் ஆகிவிடும். குடும்பமே கைதட்டும். காபி வரும்.

பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்ட காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஹெட் ஸ்க்ரூவைத் தொடுமுன் அது நிற்கும் இடத்தில் ஒரு கீறல் போட்டுக்கொள் என்பது. திரும்பி வர வழி வேண்டுமே. ஆனால் அது மெக்கானிக்குகளுக்கான பாடம். இன்ஜினியர்கள் கீறல் போடுவதில்லை.

4. கேள்வி கேட்ட ஒரே ஆள்

ஒரு சனிக்கிழமை வேதவல்லி டீச்சர் கடைக்கு வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடமாக டெம்பரரி. யாராவது பிரசவ லீவில் போனால் இவருக்கு வேலை; அவர் திரும்பினால் இவர் வீட்டுக்கு. ஆறு வருடமும் சக டீச்சர்களின் பிள்ளைப்பேற்றை நம்பியே வண்டி ஓடியிருக்கிறது.

கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கம்ப்யூட்டர் வாங்க வந்தவர்களில் நோட்டோடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஒரு கிளாஸ்ல நாப்பத்தெட்டு பேர், ஆறு சப்ஜெக்ட். மார்க் எல்லாம் போட்டு ரேங்க் பிரிக்க மெமரி போறுமா?"

"தாராளமா போதும் மேடம்." எனக்குத் தெரியாது.

"எங்காத்துல இருக்கறது பழைய டேப் ரெக்கார்டர். அதுல வேலை செய்யுமா?"

"எதுல வேணும்னாலும் செய்யும் மேடம்." இதுவும் தெரியாது.

பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். ஜூன் மாதம் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம். அதற்கு ஒரு பெர்மனென்ட் டீச்சர் வேண்டும். பள்ளியில் யாராவது கற்றுக்கொண்டு ஏப்ரலில் செய்து காட்டினால் அவருக்கே வேலை. இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஆள் எடுப்பார்கள்.

"அதுக்காகத்தான் சார் வாங்கறேன். விளையாட்டுக்கு இல்லை. இது கெட்டுப்போனா யார் வருவா?"

"நான்தான் மேடம் வருவேன். கார்டு வச்சுக்குங்க."

"நீங்களே கெடுத்துட்டா யார் வருவா?"

"மேடம் நல்லா ஜோக் அடிக்கிறீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கல்லாவில் இருந்த பாய்தான் பெரிதாகச் சிரித்தார்.

5. பெருமாளுக்குப் பக்கத்தில்

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் வீடு. டேப் ரெக்கார்டர் பெருமாள் அறைக்கு வெளியே ஒரு மாடத்தில் இருந்தது. தினமும் காலையில் டீச்சரின் மாமனார் ரங்காச்சாரியார் ஸ்நானம் முடித்து, திருமண் இட்டுக்கொண்டு, அதில் உபன்யாச கேசட் போட்டுக் கேட்பார். குளிக்காதவர்கள் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லோரையும் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார்.

"மிஸ்டர், ஸ்நானம் பண்ணிட்டேளா?"

"ஆச்சுங்க சார்."

"எதுக்கும் இருக்கட்டும்" என்று என் மீதும் என் டூல் பாக்ஸ் மீதும் துளி தீர்த்தம் தெளித்தார். கம்ப்யூட்டர் பக்கம் சொம்பு திரும்பியபோது, மாமனாரை அப்பா என்றே அழைக்கும் டீச்சர் "அப்பா, கரண்ட்!" என்று கத்தி மெஷினைக் காப்பாற்றினார்.

கடைக் கேசட்டைப் போட்டேன். எரர். எதிர்பார்த்ததுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைத் திருகு திருகினேன். லோட் ஆகிவிட்டது. டிவியில் பந்து துள்ளியது.

ரங்காச்சாரியார் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையோ திருகினேளே, அது முன்னாடி எந்த எடத்துல இருந்ததுன்னு குறிச்சுண்டேளா?"

"அதெல்லாம் தேவையில்ல சார். டியூனிங்."

"எங்க டிபார்ட்மென்ட்ல குறிச்சுக்காம ஒரு லிவரை மாத்தினா சஸ்பெண்ட் பண்ணிடுவா" என்றார்.

ரயில்வே வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். என்ன வாய்க்கொழுப்பு!

6. பழைய கேசட்டு சார்

இரண்டு வாரத்தில் கடைக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அழகான கையெழுத்து. 'தாங்கள் வந்து சென்றது முதல் உபன்யாசகர் ஸ்வாமியின் குரல், வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல் கேட்கிறது. தயவுசெய்து வந்து பார்க்கவும். ரங்காச்சாரி.'

ஹெட் சாய்ந்தால் சத்தத்தின் கூர்மை போய்விடும். இது ரேடியோ ரிப்பேர் கற்கும் எவனுக்கும் முதல் மாதத்திலேயே தெரியும். எனக்கும் தெரியும். பாயிடம் கார்டைக் காட்டினேன்.

"கேசட்டு பழசாயிருச்சுன்னு சொல்லிரு தம்பி. எல்லா வீட்லயும் பழைய கேசட்டுதான் இருக்கும். யாரும் மறுக்க மாட்டாங்க."

ஒன்றரை மாதம் கழித்து டீச்சர் ஏதோ ஒயர் வாங்கக் கடைக்கு வந்தபோது அப்படியே சொன்னேன். "கேசட்டு பழசு மேடம். ஒரு புதுக் கேசட்டு வாங்கிப் போடச் சொல்லுங்க." அவர் நம்பினார். புரோகிராம் பற்றி உற்சாகமாகப் பேசினார். பத்தாம் வகுப்பு பி பிரிவு நாற்பத்தெட்டு பேரின் மார்க்கும் ஏற்றியாயிற்றாம். பெயரைத் தட்டினால் ரேங்க் வருகிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையல் முடித்து, மாமனாரின் டிவி செய்தி முடிந்த பிறகுதான் டிவி அவருக்குக் கிடைக்கும். அப்படி இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறார். நான் ஆறு மாதத்தில் கற்காததை அவர் அந்த இரண்டு மாதத்தில் கற்றுவிட்டார். இத்தனைக்கும் கார்டில் இன்ஜினியர் என்று போட்டிருந்தது எனக்கு.

7. முதலை வாயில் யானைக்கால்

ஏப்ரலில் அந்த நாள் வந்தது. பள்ளி ஹாலில் பிரின்சிபால் சிஸ்டர், பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஃபாதர், பின்னால் சில டீச்சர்கள். டீச்சர் செய்து காட்டியது பிடித்துப்போனால் பள்ளிக்கு ஆறு மெஷின் எங்கள் கடையில் எடுப்பதாகப் பேச்சு. அதனால் பாய் அத்தர் பூசிக்கொண்டு வந்திருந்தார். கலர் டிவி எங்கள் கடையுடையது. டீச்சர் தன் கம்ப்யூட்டரையும் அந்த டேப் ரெக்கார்டரையும் துணிப்பையில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

டீச்சர் தன் கேசட்டைப் போட்டார். கீ... என்ற சத்தம். ஐந்து நிமிடம் எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்.

எரர்.

ரீவைண்ட் செய்து மறுபடியும் போட்டார். இன்னொரு ஐந்து நிமிடம். எரர்.

"முந்தாநாள் ராத்திரி லோட் ஆச்சே சார்" என்று என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"மெஷினுக்கு உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்றார் சிஸ்டர்.

நான் பாய்ந்து போய் எங்கள் கடைக் கேசட்டைப் போட்டேன். எரர். அது நான் கை வைத்துச் சரிசெய்த டேப் ரெக்கார்டர். அதில் எங்கள் கேசட் லோட் ஆகித்தான் தீர வேண்டும்.

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், அதட்டவில்லை. "பரவாயில்லம்மா. ஜூன்ல மெட்ராஸ்லேர்ந்தே ஆள் வரவழைச்சுக்கலாம். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்றார். அவர் அதட்டியிருந்தால்கூட டீச்சரின் முகம் அப்படி ஆகியிருக்காது.

டேப் ரெக்கார்டர் இருந்த பையில் இன்னொரு கேசட் கிடந்தது. ரங்காச்சாரியாரின் உபன்யாசம். டேப் ரெக்கார்டராவது ஓடுகிறதா என்று பார்க்க அதைப் போட்டேன்.

ஹால் முழுக்க ஒரு குரல் கணீரென்று எழுந்தது. கஜேந்திர மோட்சம். யானையின் காலை முதலை கவ்வியாயிற்று. பெருமாள் இன்னும் கிளம்பவில்லை. ஒவ்வொரு எழுத்தும் வெண்கல மணி போலக் கேட்டது. வாயில் துணியெல்லாம் இல்லை.

எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. யாரோ ஹெட்டை நேராக்கிவிட்டார்கள்.

"டீச்சர், இதை எங்கயாவது ரிப்பேருக்குக் குடுத்தீங்களா?"

"நான் குடுக்கலையே... அப்பா நேத்திக்கு எங்கேயோ எடுத்துண்டு போனார். கேட்டா, 'ஸ்வாமிக்குத் தொண்டை சரியாயிடுத்து'ன்னார். புதுக் கேசட் வாங்கிட்டார்னு நெனச்சேன்."

எனக்கு எல்லாம் விளங்கியது. புதுக் கேசட் என்ற என் பொய்யை நம்பி மூன்று கேசட் (எண்ணிக்கை பின்னால் அவரே சொன்னது) வாங்கிப் பார்த்து, மூன்றிலும் குரல் மங்கலாக இருக்கவே, அந்த மனிதர் நல்ல மெக்கானிக் ஒருவனைத் தேடிப் போய்விட்டார். அவன் ஐந்து நிமிடத்தில் ஹெட்டை நேராக்கிக் கொடுத்துவிட்டான். நேரான ஹெட்டில் ஒரு கேசட் கம்பெனி பதிந்த உபன்யாசம் கணீரென்று கேட்கிறது. எங்கள் கடைக் கேசட் லோட் ஆகவில்லை. அப்படியென்றால் கோணல் எங்கள் கடை டெக்கில்தான். அந்தக் கோணலுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக ஊரிலுள்ள நேரான ஹெட்டுகளையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கோணலாக்கிக்கொண்டிருந்தேன். கைதட்டல் வாங்கி, காபியும் குடித்துவிட்டு.

டீச்சரின் இரண்டு மாத உழைப்பும் என் கோணலில் பதிந்திருந்தது. நேரான ஹெட்டில் அது வெறும் இரைச்சல்.

"என்னப்பா கோளாறு?" என்றார் ஃபாதர்.

"பழைய டேப் ரெக்கார்டர் ஃபாதர்" என்று என் வாய் சொல்லியது. யோசித்துச் சொல்லவில்லை. பழக்கம்.

பாய் திருப்தியாகத் தலையாட்டினார். ஃபாதர் டீச்சர் பக்கம் திரும்பினார். "செக் பண்ணிட்டுல்லம்மா வந்திருக்கணும்? நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி இப்படி ஆனா?"

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒயர்களைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். கேசட்டை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"ஃபாதர், ஒரு நிமிஷம். டேப் ரெக்கார்டர் நல்லாத்தான் இருக்கு. டீச்சர் புரோகிராமும் நல்லாத்தான் இருக்கு. நான்தாங்க கெடுத்தேன்" என்றேன்.

பின்னால் பாய் இருமினார். நிறுத்து என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை. ஸ்க்ரூ, அரைத் திருகு, கடை டெக், போஸ்ட் கார்டு, பழைய கேசட்டு என்ற பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டருக்குப் பாதி புரிந்திருக்காது. வெட்கம் மட்டும் எந்த டெக்னிக்கல் வார்த்தையும் இல்லாமல் புரிந்திருக்கும்.

பிறகு டீச்சரின் கேசட்டைப் போட்டு, காதை ஸ்பீக்கரில் வைத்து, ஸ்க்ரூவை மெதுவாகத் திருகினேன். கோணலை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். கீறலா போட்டிருந்தேன், பார்த்துத் திருப்ப? இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டே, மங்கல், இன்னும் மங்கல், கொஞ்சம் தெளிவு, இன்னும் கொஞ்சம்... ஓரிடத்தில் 'கீ' என்று ஊசி குத்துவது போலக் கூர்மையாக வந்தது. கையை எடுத்தேன்.

டீச்சர் லோட் கொடுத்தார். ஐந்து நிமிடம். யாரும் வாட்ச் பார்க்கவில்லை. டிவியில் 'பத்தாம் வகுப்பு பி' என்று இங்கிலீஷில் வந்தது. சிஸ்டர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல, டீச்சர் தட்ட, மார்க்கும் ரேங்க்கும் வந்து நின்றன. பின்வரிசை டீச்சர்கள் எழுந்தே விட்டார்கள்.

நான் ஜெயித்தவன் போல வியர்வையைத் துடைத்தேன். "இனிமே ஸ்க்ரூவை இப்படியே வச்சுக்குங்க மேடம். உபன்யாசத்துக்கு வேற ஒரு செட் வாங்கிரலாம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். சரியாகப் படிக்காத பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"எதுக்கு சார்? புரோகிராம் இப்ப கம்ப்யூட்டருக்குள்ளதானே இருக்கு? நீங்க ஹெட்டை நேராக்குங்கோ. நான் புதுசா ஒரு தடவை சேவ் பண்ணிக்கறேன். அப்புறம் எந்த நல்ல டேப் ரெக்கார்டர்லயும் லோட் ஆகும் இல்லையா?"

ஆகும். அவ்வளவு சுலபம். இன்ஜினியருக்குத் தோன்றவில்லை.

நேராக்க அளவுகோல் வேண்டுமே. கஜேந்திரன் இருந்தான். உபன்யாசத்தை மறுபடி ஓடவிட்டு, குரல் கணீரென்று ஆகும் இடம் வரை ஸ்க்ரூவைத் திருப்பினேன். சரியாக அந்த இடத்தில்தான் யானை 'ஆதிமூலமே' என்று கூப்பிட்டது. டீச்சர் சேவ் செய்து, மெஷினை அணைத்து, எல்லாவற்றையும் மறக்கவைத்து, மறுபடி லோட் செய்து காட்டினார். முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

"மெட்ராஸுக்கு எழுத வேண்டாம் சிஸ்டர்" என்றார் ஃபாதர். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தக் கதையை நிறுத்திட்டீங்களே. யானை தப்பிச்சுதா இல்லையா?" என்று கேட்டார்.

"தப்பிச்சுடுத்து ஃபாதர்" என்றார் டீச்சர். அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

8. ஆறு மெஷின்

திரும்பி வரும்போது ஆட்டோ மெயின்கார்டு கேட்டைத் தாண்டியதும் பாய், "உண்மை பேசுறதுல தப்பில்ல தம்பி. முதலாளியை வெளியில அனுப்பிட்டுப் பேசியிருக்கலாம்ல?" என்றார். கடைக்கு வந்ததும் முதல் வேலையாக டெக்கின் ஹெட்டை நேராக்கச் சொன்னார். அடுத்த பதினைந்து நாளும் நான் வீடு வீடாகப் போய் என் கோணல்களை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எங்கும் காபி வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் மட்டும் கிடைத்தது.

ரங்காச்சாரியார் டேப் ரெக்கார்டரைக் காட்டினார். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை திருமண்ணுக்கு நடுவே இடும் ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்துச் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார்.

"நேரா நிக்கற எடம் இது. யாராவது திருகினா கோடு ரெண்டா ஒடைஞ்சு காட்டிக் குடுத்துடும்" என்றார். காபியை நீட்டிவிட்டு, "எங்காத்துப் பெட்டிக்கு நாமம் போட்டது நீங்கதான் மிஸ்டர். நடுக்கோடு மட்டும் என்னுது" என்றார்.

மே மாதம் வேதவல்லி டீச்சர் பெர்மனென்ட் ஆர்டரோடு கடைக்கு வந்தார். பள்ளிக்கு ஆறு மெஷின். பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் அதே நோட்டைத் திறந்து வாசித்தார்.

"ஒரு கண்டிஷன். இன்ஸ்டலேஷனுக்கு ஜோசப் சார்தான் வரணும்."

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், புதுசா நல்லா படிச்ச பையன் ஒருத்தனைப் போட்டிருக்கேன். இன்ஷா அல்லாஹ் அவன் நல்லா..."

"வேண்டாம் பாய். கம்ப்யூட்டர் விக்கற கடை, ரிப்பேர் பண்ற கடை எல்லாத்துலயும் விசாரிச்சேன். 'நீங்க எந்த மெஷினையாவது கெடுத்திருக்கேளா?'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். ஒருத்தர்கூட இதுவரைக்கும் எதையும் கெடுத்ததே இல்லையாம். இவர் ஒருத்தர்தான் கெடுத்திருக்கார்."

நாற்பது வருடமாகிவிட்டது. இன்றும் உறவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் எனக்குப் போன் வருகிறது. ரேம் எவ்வளவு மாமா, பிராசஸர் எது மாமா, ஆஃபர் முடியப்போகுது மாமா என்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமும் இல்லை. கடைக்குப் போங்கள். ரேம் பற்றியெல்லாம் அந்தப் பிள்ளை தானாகவே ஒப்பிப்பான், ஒப்பித்து முடிக்கட்டும். பிறகு, "தம்பி, நீ இதுவரைக்கும் எத்தனை மெஷினைக் கெடுத்திருக்கே?" என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுங்கள். கொஞ்சம் தலையைச் சொறிந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு இருக்கும் சார்" என்றால், அவனிடமே வாங்குங்கள்.